தங்கூசியின் இரு முனைகள்

செவ்வாய் இரவு, தோட்டவெளி.

பழைய மோட்டார் சைக்கிளில் இஞ்சினையும் கிளச்சையும் இணைக்கும் உள்செயின் இன்றும் உராய்ந்தது. மர அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். இரண்டு பற்சில்லுகளும் நேராகத்தான் தெரிந்தன. எரிச்சலில் நட்டுக் கழற்றும் சாவியை எறிந்தேன். வலை தைத்துக்கொண்டிருந்த மனைவி திரேசா எழுந்து வந்தாள்.

"உங்கட அடிமட்டம்தான் வளைஞ்சு கிடக்கு. இந்தத் தங்கூசியைப் பிடியுங்கோ."

ஆளுக்கொரு முனையாக அந்த நைலோன் வலைநூலை இரண்டு சில்லுகளுக்கும் குறுக்கே இழுத்துப் பிடித்தோம். அது கிளச் சில்லைத் தொட்டது, இஞ்சின் சில்லைத் தொடவில்லை. இஞ்சின் சில்லுக்குப் பின்னால் ஒரு வோசர் போட்டதும் செயின் சத்தமில்லாமல் ஓடியது.

நாளை சோதனை முடிவு கேட்க முருங்கன் ஆஸ்பத்திரிக்கு அவளைத்தான் இதில் ஏற்றிப் போகவேண்டும். டாக்டர் என்ன சொல்வாரோ.

"வழியில நிண்டா நான் தள்ளமாட்டன், சொல்லிப்போட்டன்" என்று சிரித்துவிட்டுப் படுத்தாள்.

ஆண்டவருக்குத் தோத்திரம். நூலில் நடுங்கியது என் முனைதான். அவளுடையது அசையவேயில்லை.