அமாவாசைச் சோற்றில் மீன்

அன்புள்ள அம்மாவுக்கு,

கப்பலிலிருந்து குற்றாலீஸ்வரன் எழுதுவது. உங்கள் கால்வலி தேவலையா? இலஞ்சியில் நல்ல சாரல் என்று தம்பி சுபாஷ் சொன்னான். ஈரத்தில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். நான் சுகம். கடலும் சாதுவாகத்தான் இருக்கிறது.

ஆடி அமாவாசையன்று அப்பாவுக்குச் சோறு வைக்காமல் சாப்பிட்டுவிடுவேனோ என்று பயந்தீர்களே, வைத்தேன். குளித்துவிட்டு, பருப்புச்சோறு பிசைந்து கப்பலின் முன்பக்கம் கொண்டுபோனேன். நடுக்கடலில் காக்காய்க்கு எங்கே போக? நாலு நாளாக எங்களோடு வரும் பழுப்புப் பறவை ஒன்று கம்பியில் உட்கார்ந்திருந்தது. வாத்து அளவு இருக்கும். அதைப் பார்த்து "கா, கா" என்றேன். அது சோற்றைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தூத்துக்குடிக்காரரான சமையல்கார அண்ணாச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏலே, அது மீன் திங்குத பறவைலே. சோத்தத் தொடுமா?"

பசியோடு காத்து நின்றேன். அப்போது பறக்கும் மீன் ஒன்று துள்ளி வந்து தளத்தில் விழுந்தது. திட்டாதீர்கள் அம்மா, அதை எடுத்து விரதச் சோற்றின் மேலேயே வைத்துவிட்டேன். உடனே பறவை இறங்கி வந்து, பருக்கை ஒட்டியிருந்த மீனை அப்படியே விழுங்கியது.

அமாவாசைதோறும் "ஏட்டி, மீன் இல்லாம எப்படித் திங்க?" என்று உங்களிடம் வம்பு பண்ணியவர்தானே அப்பா.

கொல்லையில் நீங்கள் காக்காயைக் கூப்பிடுவதைப் போனில் பதிந்து அனுப்பச் சுபாஷிடம் சொல்லுங்கள். சும்மா, கேட்கத்தான். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கூப்பிடுங்கள்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். அப்பா சாப்பிட்டுவிட்டார் அம்மா; அப்புறம்தான் நான் சாப்பிட்டேன்.

உங்கள் மகன்,
குற்றாலீஸ்வரன்