உருளையை நிறுத்தியவள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. முதலில் ஒரு திருத்தம். எனக்கு முட்டி வலி இல்லை. மாடி ஏற முடியாமல்தான் என் மேசையைக் கீழே சலவைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டேன் என்று உன் சித்தப்பா சொன்னாராம். நீயும் பதறிப்போய்த் தைலம் அனுப்பியிருக்கிறாய். தைலத்துக்கு நன்றி. அதைக் கணக்குப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். எழுபத்து மூன்று வயதிலும் பதினெட்டுப் படிகளை மூச்சு வாங்காமல் ஏறுகிறேன். மேசை கீழே வந்ததற்குக் காரணம் வேறு. இருபதாம் தேதிக்குள் நீ ஒரு முடிவு சொல்ல வேண்டியிருப்பதால், அதை என் வாயாலேயே தெரிந்துகொள்.

உன் அப்பா போன பிறகு நான் போட்ட சட்டம் உனக்கு நினைவிருக்கும். எந்த இயந்திரத்தை நிறுத்துவதானாலும் சீட்டில் காரணம் எழுதி, மாடிக்கு வந்து, என் கையெழுத்து வாங்க வேண்டும். மருத்துவமனைகளுக்குப் போகும் விரிப்புகள் ஒரு நாளும் தாமதமானதில்லை என்பதில் எனக்குப் பெருமை. அந்தச் சீட்டுக்குக் கீழே 'விசா' என்று பெயராம். "மேல போய் விசா வாங்கிட்டு வா" என்பார்களாம். இத்தனை வருடம் என் காதில் விழாமல் சொல்லியிருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள்.

இரண்டு மாதத்துக்கு முன், ஒரு திங்கட்கிழமை. விரிப்புகளை இழுத்துத் தேய்க்கும் பெரிய சூட்டு உருளையில், கை உள்ளே போகாமல் காக்கும் தடுப்புக் கம்பி கழன்றுவிட்டது. அங்கே வேலை பார்க்கும் ஒருத்தியை எல்லோரும் 'ரேடியோ' என்று கூப்பிடுவார்கள், வாய் ஓயாது. அவள் சீட்டு எழுதிக்கொண்டு மேலே வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். நான் தொலைபேசியில் இருந்தேன். பொறு என்று ஒரு விரலைக் காட்டினேன். நின்றாள். மறுபடியும் காட்டினேன். மூன்றாம் முறை திரும்பிப் பார்த்தபோது ஆளைக் காணோம். கீழே உருளையின் சத்தமும் நின்றுபோனது.

வேகமாக இறங்கிப் போய், நாற்பது பேர் முன்னிலையில், "சீட்டு எங்கே? யாரைக் கேட்டு நிறுத்தினாய்?" என்று கத்தினேன். அவள் குரலை உயர்த்தவில்லை. "நீங்க ஃபோன் பேசி முடிக்கிற வரைக்கும் இவ கை இருக்காதும்மா" என்றாள். அப்போதுதான் பார்த்தேன். பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த பெண். அவள் சட்டைக் கையின் நுனி உருளைக்குள் சிக்கியிருந்தது. விரல் நுனிகள் மட்டும் சிவந்திருந்தன. இன்னும் சில நொடிகள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அன்று விரிப்புகள் மூன்று மணி நேரம் தாமதமாகப் போயின. மருத்துவமனையிலிருந்து கடுமையாக ஒரு கடிதம் வந்தது. உன் சித்தப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆடுகிறார்.

தொலைபேசியில் அப்போது யார் இருந்தது தெரியுமா? நீதான். உன் மேலதிகாரி உன்னை வாயே திறக்க விடுவதில்லை என்று அழுதுகொண்டிருந்தாய். நான் உனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டேதான் வெளியே நின்றவளுக்கு விரலைக் காட்டினேன். உன்மேல் குறை சொல்லவில்லை. எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை என்பதைச் சொல்கிறேன்.

எந்த வகுப்பில் தவறு செய்தோமோ அந்த வகுப்பிலேயே எழுந்து நின்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளியின் விதி. நான்காம் நாள் அதே நாற்பது பேர் முன்னிலையில் ரேடியோவிடம் மன்னிப்புக் கேட்டேன். வாய் ஓயாதவள், "அம்மா, மிஷின் காத்துக்கிட்டிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவிவிட்டாள்.

சீட்டை ஒழித்துவிட்டேன். இனி யாரும் படியேறி வந்து என் கதவுக்கு வெளியே நிற்கக் கூடாது என்று மேசையையும் கீழே கொண்டுவந்துவிட்டேன். ஆபத்து என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். நிறுத்தியவரிடம் 'யாரைக் கேட்டாய்' என்று கேட்கக் கூடாது, 'என்ன பார்த்தாய்' என்றுதான் கேட்க வேண்டும். எனக்கே அது சுலபமாக வரவில்லை. ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டி வைத்திருக்கிறேன். இதுவரை பதினொரு முறை நிறுத்தியிருக்கிறார்கள். அதில் நான்கு வீண். வண்டி ஓட்டுகிறவர் தன் பேனா உள்ளே விழுந்துவிட்டது என்று நிறுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "பேனாவைத்தான்மா" என்றார். இரண்டு முறை விநியோகமும் தாமதமானது. உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் கறை படிந்த ஒரு விரிப்புகூட இப்போது வெளியே போவதில்லை. மடிக்கும் பெண்களே எடுத்து மறுபடியும் சலவைக்குப் போடுகிறார்கள். என் கண்ணுக்குத் தப்புவதுகூட அவர்கள் கண்ணுக்குத் தப்புவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரேடியோவை வேலையை விட்டு நீக்க வேண்டும், வெளியிலிருந்து ஒரு மேலாளரைக் கொண்டுவர வேண்டும் என்பது உன் சித்தப்பாவின் கட்சி. "அண்ணி, இப்படியே விட்டா தலைமேல ஏறி உக்காந்துக்குவாங்க" என்கிறார். "உக்காரட்டும், என் தலை அவ்வளவு லேசு இல்ல" என்றேன். நானோ ரேடியோவைக் கூடத்துக்கே பொறுப்பாளராக்க நினைக்கிறேன். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக நிற்கிறவள் என்பதற்காக அல்ல. என் கையெழுத்துக்குக் காத்திராமல் ஓடிப்போய் நிறுத்தினாளே, அதற்காக. பங்குதாரர்கள் மூவர். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உன் கையெழுத்துதான் அவள் வேலையைத் தீர்மானிக்கும்.

எனக்காக ஒப்புக்கொள்ளாதே. இந்த வீட்டில் நீ சொல்ல வந்த பலவற்றை நானே குறுக்கிட்டு முடித்து வைத்திருக்கிறேன்; வெளியூர்ப் படிப்பைப் பற்றி நீ பேச்செடுத்த அன்றும்கூட. தொலைபேசி வேண்டாம், அதில் நான் குறுக்கே பேசிவிடுவேன். நீ நினைப்பதை முழுவதுமாகக் காகிதத்தில் எழுது. எனக்குப் பிடிக்காததாக இருந்தாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்த அலுவலகத்தில் நீ தலை நிமிர்ந்து பேச வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இருபதாம் தேதிக்கு முன் என் கைக்குக் கிடைக்கும்படி பதில் எழுது.

என்றும் உன்,
அம்மா