வாசற்சுவரில் இரண்டு பெயர்கள்

ஜெய்சல்மேர்

வாசற்சுவரில் பெயருள்ளவருக்கு,

நம் கல்யாணத்துக்கு வரைந்த பிள்ளையாரும், அவருக்குக் கீழே நம் பெயர்களும் அப்படியே இருக்கின்றன. வீட்டில் அடுத்த கல்யாணம் வரும்வரை அழிக்கக்கூடாதாம்.

கோட்டை பார்க்க வருகிறவர்களெல்லாம் நம் வாசலில் நின்றுதான் படம் எடுக்கிறார்கள். "மாப்பிள்ளை எங்கே?" என்று தினமும் கேள்வி. சூரத்தில் என்கிறேன். அங்கேதான் இருக்கிறீர்களா, தெரியாது. போனையும் எடுப்பதில்லை.

நேற்று படமெடுக்க வந்த ஒரு புனேக்காரி விடவில்லை. "அவர் பேரை நீயே படிச்சுச் சொல்லேன்" என்றாள். தெருவுக்கே கேட்கப் படித்தேன்.

உங்கள் அம்மா பதறி ஓடிவந்தார். "புருஷன் பேரைச் சொல்லலாமாடி? அவன் ஆயுசு குறையும்."

"அவர் போனை எடுக்கட்டும் மாஜி, நிறுத்திடறேன்."

இன்று காலையிலிருந்து நான்கு முறை சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
பக்கத்துப் பெயருக்கு உரியவள்