மரச்சில்லுக் குவியலின் சூடு

அக்டோபர் 9
செத்த மாடு ஏற்றும் லாரி இனி எங்கள் பக்கம் வராதாம். நேற்று செத்த பசு கொட்டகைக்குப் பின்னால் கிடக்கிறது. "நாமளே மக்க வச்சுடலாம். அள்ளிக் கொட்ட லோடர் வண்டி இருக்கு, மரச்சில்லு இருக்கு, வேற என்ன வேணும்?" என்கிறார் ஆர்வின். குவியல் உள்ளே சூடேறினால்தான் மக்கும், அதைப் பார்க்க நீளக் கம்பி வெப்பமானி வேண்டும் என்றேன். "செத்த மாட்டுக்கு எதுக்குடி காய்ச்சல் பாக்கணும்?"
என்னைக் கட்டிய மனுஷனுக்கு எல்லாமே கிண்டல்தான்.

அக்டோபர் 10
அடியில் இரண்டடி, மேலே இரண்டடி சில்லு போடச் சொன்னேன். கன்றுகளுக்குப் படுக்கை வேண்டுமென்று மேலே மிச்சம் பிடித்திருக்கிறார். சொன்னால் கேட்டால்தானே!

அக்டோபர் 20
மானம் போயிற்று. பக்கத்துப் பண்ணை வெர்னாவின் நாய் குவியலைத் தோண்டி, பசுவின் காலை அவள் வாசலில் போட்டிருக்கிறது. தேவாலயப் பெண்கள் அவள் வீட்டில் காபி குடிக்கும் நேரத்திலா!
"இர்மா, அந்தக் கண்றாவிய எடுக்கலேன்னா கவுன்டி ஆபீசுல புகார் கொடுத்துடுவேன்!"
எடுத்துவிட்டு? அடுத்த மாடு செத்தால் எங்கே கொண்டுபோவேன்?

அக்டோபர் 21
ஆர்வின் காலையிலேயே லோடரை எடுத்தார். ஒரு லோடு சில்லு கொட்டினார், சுற்றிலும் கம்பிவேலி போட்டார். வெப்பமானியும் வாங்கி வந்தார்.

நவம்பர் 3
குவியலுக்குள் நல்ல சூடு. நாற்றமே இல்லை. வெர்னா புகார் கொடுக்கவில்லை. முகம் கொடுத்துப் பேசவுமில்லை.

ஜனவரி 14
வெர்னா வந்தாள். கையுறையைத் திருகிக்கொண்டு நின்றாள்.
"பார்லி போயிட்டான்."
அவளுடைய கிழட்டுக் குதிரை. தரை கல்லாக உறைந்து கிடக்கிறது, குழி வெட்ட வழியில்லை.
"ஏப்ரல் வரைக்கும் பனியில போட்டுவைக்க மனசு வரல, இர்மா. உங்க குவியல்ல..."
சுருக்கென்று கேட்க ஒரு வார்த்தை வைத்திருந்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் வரவில்லை. ஆர்வின் ஏற்கெனவே லோடரைக் கிளப்பிவிட்டார். கன்றுகளின் சில்லையும் சேர்த்து, அடியிலும் மேலேயும் தாராளமாகப் போட்டார்.

ஜனவரி 23
காலையில் வேலியருகே வெர்னா. வெப்பமானியை உருவினேன். துளையிலிருந்து ஆவி வந்தது. கையுறையைக் கழற்றி அதில் கையைக் காட்டினாள்.
"அவனுக்குக் குளிரலதானே?"
"குளிரல, வெர்னா."
பின்னால் ஆர்வின் நின்றிருந்தார். செத்ததற்குக் காய்ச்சலா என்று இந்த முறை கிண்டலடிக்கவில்லை.