பெரியம்மாவுக்கு ஒரு ரேடியேட்டர்

செல்ல மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எழுந்ததும் எனக்கு முதல் நினைப்பு. உடம்பு சரியில்லாமல் கிடந்தது பெரியம்மா ஒருத்திதான். பதறாதே, நம் லாரியைச் சொல்கிறேன். மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறாள் என்று நீ பள்ளிக்கூடம் போகிற வயதில் வைத்த பெயர், இன்றைக்கும் மெக்கானிக் முதல் டயர் கடைக்காரர் வரை எல்லோரும் பெரியம்மா எப்படி இருக்காங்க என்றுதான் கேட்கிறார்கள். போன வாரம் போனில் நீ கேட்டாயே, லாரிய வித்துட்டு ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்கப்பா, குழந்தை பிறந்ததும் எல்லாரும் ஒண்ணா இருக்கலாம் என்று, அதற்கு உன் அம்மா பால் பொங்குது, அப்புறம் பேசறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். அன்றைக்கு அடுப்பில் பாலே இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம், போனில் சொன்னால் உன் அம்மா நடுவில் புகுந்து பிடுங்கிக்கொள்வாள். ஆனால் பதிலுக்கு ரேடியேட்டர் வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படி.

நீ பேசிய மறுநாள் ஒரு வீடு மாற்றும் வேலை வந்தது. வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், தனியாக இருந்தவர், மகன் வீட்டோடு போய் இருக்கப் போகிறார். சாமான் அதிகம் இல்லை, ஒரு பீரோ, கட்டில், புத்தகப் பெட்டிகள், அப்புறம் கை வைக்கும் இடமெல்லாம் தேய்ந்து வழவழப்பான ஒரு பிரம்புச் சாய்வு நாற்காலி. உன் அம்மா ஸ்டீயரிங்கில், வாத்தியார் நடுவில், நான் ஓரத்தில் கண்ணாடிச் சாமான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எப்போதும் போலத்தான். பாதி வழியில் பாலம் ஏறும்போது முன்பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை, உன் அம்மா ஓரங்கட்டி எஞ்சினை அணைப்பதற்குள் தண்ணீர் முழுக்க ரோட்டில். ரேடியேட்டரின் மேல் தொட்டி ஓரம் பிளந்துவிட்டது. நான் தண்ணீர் தேடி ஓடித் திரும்பி வந்து பார்த்தால், வாத்தியார் தம் நாற்காலியை இறக்கச் சொல்லி, மர நிழலில் போட்டு, காலை நீட்டி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார், பிளாஸ்கிலிருந்து எங்களுக்கும் டீ ஊற்றித் தருகிறார். பிளவில் துணியும் சோப்பும் அடைத்து, தண்ணீர் ஊற்றி, சார் கிளம்பலாம் என்றேன். என்னப்பா அவசரம், இன்னும் கொஞ்சம் ஆறட்டுமே, எஞ்சினுக்கு நல்லதுதானே என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன், அப்போதும் அதையே சொன்னார். மூன்றாவது தடவை நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். வாத்தியாரின் மகனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, தங்கமான பையன். கீழே ஓடி வந்து தானே பெட்டி தூக்கினான், மருமகள் அறையைத் துடைத்துப் புது விரிப்பெல்லாம் போட்டு வைத்திருந்தாள். அறை சின்னது, அவ்வளவுதான். நாற்காலியை உள்ளே நுழைத்துவிட்டோம், நாம் நுழைக்காத சாமான் உண்டா, ஆனால் அதைப் போட்டால் பீரோ கதவு திறக்கவில்லை. அங்கே இங்கே என்று மாற்றிப் பார்த்து, கடைசியில் பால்கனியில் துணி துவைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் போட்டோம். பரவாயில்ல, காத்து வரும் என்று வாத்தியாரே சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் உன் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறாள் என்று நான் நினைத்தேன்.

நம் மெக்கானிக்கை உனக்குத் தெரியும், எதற்கெடுத்தாலும் அவசரப்படாதீங்க அவசரப்படாதீங்க என்று சொல்லிச் சொல்லியே அவசரம் என்று பெயர் வாங்கியவர். அவர் ரேடியேட்டரைக் கழற்றிக் குப்புறப் போட்டுப் பார்த்து, அக்கா, இதுக்கு மேல பத்த வைக்க முடியாது, இதுல ரேடியேட்டரவிட ஈயம்தான் அதிகமா இருக்கு என்றார். பெரியம்மா வயதுக்கு, செய்த கம்பெனியே அந்தச் சாமானை நிறுத்திப் பல காலம் ஆகிறது, வேறு கம்பெனிக்காரர்கள் அதே அளவில் செய்து விற்பதைத்தான் தேடி வாங்க வேண்டும், வண்டி மாடல் நம்பரைச் சொல்லி வாங்குங்க என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். கேட்பாளா உன் அம்மா? பழைய ரேடியேட்டரின் நீளத்தையும் அகலத்தையும் டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போய், கடைக்காரர் மாடல் என்னக்கா என்றதும், மாடல் எதுக்குண்ணே, அளவு கையில இருக்கில்ல என்று சொல்லி, இருப்பதிலேயே தடிமனானதைக் காட்டி இதைக் குடுங்க என்றாள். குழாய் வரிசை எத்தனைக்கு எத்தனை அதிகமோ அத்தனைக்கு அத்தனை குளிர்ச்சியாம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நானும் பின்னாலேயே தலையாட்டிக்கொண்டு தூக்கி வந்தேன்.

பட்டறையில் அது உள்ளே போகவில்லை. அவசரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். எங்களுக்கா நுழைக்கத் தெரியாது? உன் அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கொஞ்சம் சாய்ங்க, அடிய தூக்குங்க, இப்ப உங்க பக்கம் திருப்புங்க, மெதுவா என்று மாடிப்படியில் பீரோ ஏற்றுகிற கணக்காகப் பாடுபட்டு, நீ நம்ப மாட்டாய், நுழைத்தே விட்டோம். உன் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எப்படி என்பது போல் ஒரு பார்வை பார்த்தாள். அவசரம் குனிந்து ஃபேனைக் கையால் ஒரு சுற்று சுற்றினார். டக் டக் டக் என்று ஒவ்வொரு இறக்கையும் ரேடியேட்டரில் இடித்தது. அக்கா, பீரோன்னா உள்ள வெச்சிட்டு வந்துடலாம், இங்க பின்னால ஒருத்தன் சுத்தணும், அவனுக்கு ரெண்டு விரக்கடையாவது எடம் விடணும் என்றார். நீளம் அளந்தோம், அகலம் அளந்தோம், ஆழம் தெரியாமல் காலை விட்டோம். பட்டறையே சிரித்தது, உன் அம்மாவும்தான்.

மறுபடி கடைக்குப் போனோம். இந்தத் தடவை மாடல் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நின்றோம். கடைக்காரர் நல்ல மனிதர், அழுக்குப் படாமல் திருப்பிக் கொடுத்ததால் மாற்றித் தருகிறேன் என்று இரண்டு ரேடியேட்டர்களை எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டும் நம் வண்டிக்கு அப்படியே உட்காருமாம், ஓஸ் குழாய் மாட்டும் வாய், போல்ட் ஓட்டை எல்லாம் சரியாக இருக்கும். ஒன்று அலுமினியம், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி, விலை குறைவு, எடையும் குறைவு, ஆனால் பழைய வண்டியின் அதிர்வுக்கு ஒரு வருடம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம், விரிசல் விட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். இன்னொன்று செம்பும் பித்தளையும், பழையது போலவே, கனம், விலையும் கனம், ஆனால் ஒழுகினால் பற்றவைத்துக்கொள்ளலாம், பத்து வருடம் கண்ணை மூடிக்கொண்டு ஓடும். எது நல்லதுன்னு கேட்காதீங்க, ரெண்டும் நல்லதுதான், வண்டிய இன்னும் எத்தன வருஷம் ஓட்டப் போறீங்க, அத சொல்லுங்க என்றார். நானும் உன் அம்மாவும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம். நான் ஒரு வருஷம் என்றேன். அவள் பத்து வருஷம் என்றாள்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம் பார், கல்யாணத்தன்று கூட அப்படிப் பார்த்ததில்லை. நீ போனில் கேட்ட நாளிலிருந்து இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அவரவர் மனசுக்குள் முடிவு செய்துவிட்டு, மற்றவருக்கும் அதுதான் முடிவு என்று நினைத்துக்கொண்டு சாம்பார் நல்லா இருக்கு, மோட்டார் போட்டியா என்று குடும்பம் நடத்தியிருக்கிறோம். கடைக்காரர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, எதிர்ல டீக்கடை இருக்கு, பேசிட்டு வாங்க, ரேடியேட்டர் எங்கயும் ஓடிடாது என்றார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் உன் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் உன்னிடம் அவள் சொல்ல மாட்டாள். புள்ள மேல எனக்குப் பாசம் இல்லன்னு நெனைக்காதீங்க, அவ கூப்பிட்டதுலேருந்து ராத்திரி தூக்கம் இல்ல, ஆனா விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு சும்மாவா சொன்னாங்க, நாம போனா நுழைஞ்சிடுவோங்க, நமக்கா நுழையத் தெரியாது, அப்புறம் நான் சுத்தறதுக்கு எடம் வேணாமா என்றாள். வாத்தியாரு ரோட்டோரத்துல உக்காந்திருந்தப்ப அவர் மொகத்தப் பாத்தீங்கல்ல, பால்கனியில உக்காந்தப்பவும் பாத்தீங்கல்ல என்று கேட்டாள். எனக்குப் புள்ளையப் பாக்கணும், தினமும் பாக்கணும், அவ்வளவுதான் என்றேன். குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது, டீக்கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். உன் அம்மா டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, சரி வாங்க, ஒரு வருஷத்துதே வாங்குவோம், இத்தன வருஷமா நான் திருப்பின பக்கமெல்லாம் கூட வந்தீங்க, இந்த ஒரு தடவ நான் வரேன் என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

கடையில் அந்த அலுமினிய ரேடியேட்டரை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். லேசா இருக்கு, இதையே கட்டிக் குடுங்கண்ணே என்றாள். அவ்வளவுதான் கண்ணு. விலை என்ன என்று கேட்கவில்லை. குறைக்க மாட்டீங்களா என்று கேட்கவில்லை. தட்டிப் பார்க்கவில்லை, மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கவில்லை. ஒரு கட்டு கீரை வாங்கினாலே கீரைக்காரரின் மூன்று தலைமுறையை விசாரிக்கிறவள், லாரிக்குச் சாமான் வாங்கும்போது வாயை மூடிக்கொண்டு பணத்தை எடுக்கிறாள். சண்டை போடாத உன் அம்மாவை நான் பார்த்ததே இல்லை. அண்ணே, அது வேணாம், செம்பு போடுங்க என்று நான் சொன்னது என் காதுக்கே புதிதாக இருந்தது. உன் அம்மா என்னை முறைத்தாள். இப்ப தானே முடிவு பண்ணோம் என்றாள். நீ முடிவு பண்ண, நான் வண்டிக்கு ஏத்தத வாங்கறேன் என்றேன். சட்டென்று கடைக்காரர் பக்கம் திரும்பி, என்னண்ணே செம்புங்கறீங்க, பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கீங்க, எந்த ஊர் செம்பு கறுப்பா இருக்கு, சுரண்டிக் காட்டுங்க என்று ஆரம்பித்தாள் பார், எனக்கு உயிர் வந்தது. அந்த மனிதர் மூடி இலவசமாகக் கொடுத்து, ஓஸ் கிளிப்பும் கொடுத்து, எங்களை வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டார்.

இப்போது பெரியம்மா பாலத்தின் மேல் ஏறினாலும் முள் பாதியைத் தாண்டுவதில்லை. அவசரம் மாட்டிய அன்றைக்கே உன் அம்மா ஊர் முழுக்க ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நின்றாள், முகத்தில் அப்படி ஒரு களை. ஆக கண்ணு, பதில் இதுதான், நாங்கள் அங்கேயே இருந்துவிட வரவில்லை. குழந்தை பிறக்கும் முன்பே வந்து, நீ எழுந்து நடமாடி வேலைக்குப் போகும் வரை கூட இருந்து, உனக்குச் சமைத்துப் போட்டு, குட்டியைக் குளிப்பாட்டித் தூங்க வைத்து, அப்புறம் திரும்புவோம். அதுவரை பெரியம்மா அவசரத்தின் பட்டறையில் இருப்பாள். உனக்கு வருத்தமாக இருக்கும், எனக்குத் தெரியும், எனக்கும் இருக்கிறது. அப்பாவும் வர மாட்டேன்னுட்டாரு என்று மட்டும் நினைத்துக்கொண்டு படுக்காதே. ஒரு வருஷம் என்று சொன்னவன் நான், மனசுக்குள் பாதி வீட்டைப் பெட்டியில் கட்டியும் விட்டேன், எந்தப் பாத்திரத்தை யாருக்குக் கொடுப்பது என்று கூட யோசித்து வைத்திருந்தேன். அது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, பிடிக்கவில்லை என்று பழத்தை ஒதுக்காதே. கனமாக எதையும் தூக்காதே. குழந்தைக்காக அறையை மாற்றிப் போடப் போகிறோம் என்றாயே, மாப்பிள்ளை கட்டிலைத் தனியாக இழுக்க வேண்டாம், இன்னொருவரைக் கூப்பிட்டு இரண்டு முனையும் தூக்கி நகர்த்தச் சொல், தரையிலும் கோடு விழாது, அவர் முதுகும் பிழைக்கும். தொட்டிலை ஜன்னலை ஒட்டிப் போடாதீர்கள். மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். நீயும் அவரும் குட்டியும் நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து, சிரித்த முகமாக நூறு வருடம் இருக்க வேண்டும், உன் அம்மாவின் ஆசீர்வாதமும் இதிலேயே இருக்கிறது, அவள் இப்போது வண்டி கழுவிக்கொண்டிருக்கிறாள்.

ஒன்று மறக்காதே. எங்களுக்கு டிக்கெட் போடும்போது திரும்பி வருவதற்கும் சேர்த்தே போட்டுவிடு. அம்மாவுக்குப் போடாவிட்டால் அவளே கேட்டு வாங்கிக்கொள்வாள். எனக்குப் போட நீ மறந்துவிட்டால், நான் ஞாபகப்படுத்த மாட்டேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா