அப்பாவின் முகாரி

பெப்ரவரி 7, சனி

யாழ்ப்பாணத்தில் தொலைக்காட்சிப் போட்டியின் ஒளிப்பதிவு முடிந்து வந்துவிட்டேன். எல்லாம் கர்நாடக சங்கீதக் கேள்விகள். என் அணியில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கௌரி அக்கா. கடைசிக் கேள்வி வரை நாங்கள்தான் முன்னுக்கு நின்றோம்.

கடைசியில் ஒரு நாதஸ்வர ஆலாபனையைப் போட்டு ராகம் கேட்டார்கள். கேட்டவுடனேயே எனக்குப் பெரிய வெள்ளி நினைவுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு எங்கள் மாதா கோயிலில் அப்பா முன்னின்று பாடும் புலம்பலேதான்.

“முகாரி அக்கா.”

“பைரவி மாதிரிக் கிடக்கு, மேரி. வடிவாக் கேளும்.”

“இல்லை அக்கா, பிறந்ததிலயிருந்து கேக்கிறனான்.”

மணியை அழுத்திச் சொன்னேன். நடுவர் சிரித்துக்கொண்டு பைரவி என்றார். தோற்றுவிட்டோம்.

ஊருக்குத் திரும்பும் பஸ் அல்லைப்பிட்டியைத் தாண்டியது. அக்கா மெதுவாகக் கேட்டார்: “அப்ப உங்கட கோயில்ல பாடுறது பைரவியோ?”

ஊர் முழுக்க அதை முகாரி என்றுதான் சொல்லும். அப்பா சொல்லித்தான் ஊருக்கே தெரியும்.

அப்பா வீட்டு வாசலில் காத்து நின்றார். “என்ன மாதிரி, பிள்ளை?”

“தோத்துப்போனம் அப்பா.”

“முகாரி கேட்டிருந்தாங்களெண்டா வெண்டிருப்பாய்.”

“ஓம்” என்றேன்.

நாளைப் பின்னேரம் ஒளிபரப்பு. காலைப் பூசை முடியப் பங்குச் சுவாமி அதைக் கோயிலில் அறிவிப்பார். அப்பா இப்போதே தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரைகளை அடுக்கி வைத்துவிட்டார்.

பக்கத்து அறையில் தவக்காலத்துக்கென்று பாடிப் பழகுகிறார். எவ்வளவு உருக்கமாகப் பாடுகிறார். அச்சொட்டாகப் பைரவி.