தோலுக்கு அடியில் காவல் நாய்கள்

ஏப்ரல் 9, 1934. முர்காப் ஆற்றங்கரை
எழுத்துகள் ஆட்டுமந்தை போல ஆளுக்கொரு பக்கம் ஓடுகின்றன. படிப்பவர் பொறுக்கவும். படிக்கப்போவதும் நான்தானே! இந்த வயதில் எழுத்து வகுப்பு, முதல் பென்சில்.

இன்று மருந்தகத்தில் லிதியா டாக்டர் என்னை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். மணல் ஈ கடித்து யாருக்கோ வந்த பாலைப்புண்ணிலிருந்து சுரண்டிய துளி. அதில் குண்டாக ஒன்று. மேக்ரோஃபேஜ் என்றார். "பெருந்தின்னி, பெரியவரே. கிருமி வந்தா அப்படியே விழுங்கிடும். உங்க உடம்புலயும் இருக்கு."

எனக்குள்ளும்! ஓநாயை விழுங்கும் காவல் நாய்கள்! அதன் பிறகும் ஏதோ சொன்னார். நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 12
எங்கள் வழக்கப்படி மகள் ஓகுல்பிபிக்குப் புண் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரரின் ஈரப்புண்ணில் முள்ளைத் தொட்டு, அவள் மேல்கையில், சட்டை மறைக்கும் இடத்தில் கீறினேன். ஒருமுறை வந்தால் மறுமுறை வராது. கோடையில் மணல் ஈ கடித்தாலும் முகம் தப்பும். அறுவடை முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம்.

அழுதாள். "நாய்க்குத் தீனி போடுறேன், சும்மா இரு" என்றேன்.

ஜூன் 20
புண் பழுத்துவிட்டது. டாக்டர் கட்டுப் போட்டார். "ஆறுற வரைக்கும் பிரிக்காதீங்க."

ஜூலை 3
தேநீருக்கு வந்தவர்கள் என் நாய்களை நம்பவில்லை. கட்டைப் பிரித்துக் காட்டினேன். "பாருங்க, உள்ள சண்டை நடக்குது!" தினமும் யாராவது வருகிறார்கள். "அரிக்குதுப்பா, மூடுங்க" என்கிறாள். இன்னும் ஒருவர் பார்க்கட்டுமே.

ஆகஸ்ட் 28
அவள் மூக்கில் புண். சொறிந்த விரலால் தொட்டிருக்கிறாள்.

டாக்டர் கத்தினார்: "பெருந்தின்னி விழுங்கும், ஆனா இந்தக் கிருமியை லேசுல கொல்லாது. அதோட வயித்துக்குள்ளேயே இது பெருகும். உடம்பு ஜெயிக்க மாசக்கணக்காகும், அதுவரைக்கும் தொட்ட இடத்துலயும் வரும். அன்னிக்கே சொன்னேனே!"

சொன்னாரா? நாயின் வயிற்றில் ஓநாய்க் குட்டிகளா — ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்?

அக்டோபர் 5
மாப்பிள்ளையின் தாய் அக்ஜெமால் வந்தாள். மூக்கைப் பார்த்தாள். தேநீரைத் தொடவில்லை.

"உங்க நாய்களுக்கே கட்டிக் குடுங்க."

டிசம்பர் 16
கைப்புண் ஆறிவிட்டது. என் நாய்கள் வென்றுவிட்டன. மூக்கில் ஒரு பக்கம் போய்விட்டது.

ஓகுல்பிபியும் எழுத்து வகுப்புக்குப் போகிறாள். இன்று இதையெல்லாம் படித்தாள்.

"நாயைப் பத்தி அழகா எழுதிருக்கீங்கப்பா. மூக்கைப் பத்தி ஒரு வரிதானா?"

பென்சிலைச் சீவித் தந்தாள். எதிரே உட்கார்ந்து முக்காட்டை விலக்கினாள்.

"பாத்து எழுதுங்க."

பார்த்தேன். மூக்கைப் பற்றி இன்று ஒரு எழுத்தும் வரவில்லை. அடுத்த வாரமும் இப்படியே உட்காருவாளாம். எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.